‘ஃபண்டு இல்லை’ என்று வார்டில் சொன்னால்...

காவிரி டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34. ஜவுளிக்கடையில் வேலை. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஊரையும் மருத்துவமனையையும் அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, நீண்ட கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 66 வயது, பல வருடங்களாகச் சர்க்கரை நோய். வயல் வரப்பில் வழுக்கி விழுந்ததில் வலது தொடை எலும்பு இடுப்புக்குப் பக்கத்தில் முறிந்துவிட்டது. தாலுகா ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டு, 108-இல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடிதம் எழுதிய அன்று ஒன்பதாவது நாள். ஆபரேஷன் நடக்கவில்லை. முதலில் சர்க்கரை அதிகம் என்றார்கள். பிறகு, “இம்ப்ளான்ட் வரணும்மா, ஃபண்டு இல்ல. வெளியில வாங்கிக் குடுத்தா சீக்கிரம் முடிஞ்சிரும்” என்று ஓர் ஊழியர் சொல்லியிருக்கிறார். (இம்ப்ளான்ட் என்றால் உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு, தகடு போன்றவை.) மறுநாளே தோளில் பையுடன் ஒருவர் கட்டில் பக்கத்தில் வந்து நின்று 28,000 ரூபாய் என்றிருக்கிறார். நடுவில் இரண்டு நாள் இன்சுலின் ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய் கட்டி ரசீது வாங்கியிருக்கிறார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதற்கு ரசீது கிடையாது.

“காப்பீட்டு அட்டை இருக்கிறது. அது பிரைவேட் ஆஸ்பத்திரிக்குத்தானே என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம்” என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி வருகிறது. கணவர் தாலிச் செயினை அடகு வைத்துத் தனியாருக்குப் போய்விடலாம் என்கிறார். அங்கே 1,80,000 ரூபாய் ஆகுமாம். தம்பி வார்டில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார், டாக்டர் பெயரைப் போட்டு வெளியிடப் போகிறாராம். அம்மாவோ, “சும்மா வைத்தியம் பாக்குற எடத்துல சத்தம் போடாத, அப்புறம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க” என்கிறார். டாக்டருக்குக் கமிஷன் போகிறதா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? இலவசமாகக் கிடைப்பதைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டா? இவைதான் வாசகியின் கேள்விகள்.

சகோதரி,

கடிதம் கிடைத்த அன்றே, அப்பாவின் உடல்நிலை சம்பந்தப்பட்ட அவசரமான விஷயங்களுக்கு மட்டும் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இது விரிவான பதில். எலும்பு வார்டு வராந்தாவில் உங்களைப் போலவே பாய் விரித்துக் காத்திருக்கும் குடும்பங்கள் எல்லா மாவட்டத்திலும் உண்டு, அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் ஆர்.எம்.ஓ., அதாவது நிலைய மருத்துவ அலுவலர், நாற்காலியிலிருந்து ஓய்வுபெற்றவன். மருந்து ஸ்டாக், பழுதான லிஃப்ட், வார்டுக்குள் வரும் நாய், உறவினர் சண்டை எல்லாம் கடைசியில் அந்த மேஜைக்குத்தான் வந்து சேரும். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது இப்போது கண்ணெதிரே நிற்கும் ஆட்கள்மேல் மட்டும் பாய்கிறது. அப்படிப் பாய்ந்தால் அப்பாவின் ஆபரேஷன் ஒருநாள்கூட முன்னால் வராது.

அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள்

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தனியார் மருத்துவமனைக்கு மட்டும் ஆனதல்ல. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இப்போதைய வடிவத்துக்கு வந்து, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அரசு மருத்துவமனைகளும் அதே பட்டியலில் இருக்கின்றன.

“அரசு ஆஸ்பத்திரி எப்படியும் இலவசமாகத்தானே செய்யும், அதற்கு எதற்கு அட்டை?” என்று நீங்கள் கேட்கலாம். நிறைய பேர் கேட்பார்கள், படித்தவர்களும் கேட்பார்கள். விஷயம் இதுதான்: அப்பாவின் ஆபரேஷன் காப்பீட்டின் கீழ் பதிவானால், அதற்கான தொகை மருத்துவமனையின் கணக்குக்கு வருகிறது. அந்தப் பணத்திலிருந்துதான் செயற்கை மூட்டும் திருகாணியும் தகடும் வாங்குகிறார்கள். அட்டை இல்லாமல் படுத்திருக்கும் நோயாளிக்கு, மருத்துவமனை தன் சொந்த ஒதுக்கீட்டிலிருந்துதான் தேடிக் கொடுக்க வேண்டும். அந்த ஒதுக்கீடு எப்போதுமே இழுபறி. ஆக, வார்டில் ‘இல்லை’ என்று சொன்ன ஃபண்டில் பெரும்பகுதி உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது.

மருத்துவமனைக்குள்ளேயே காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டர் இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவரை வார்டு மேலாளர் என்பார்கள். அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், எக்ஸ்ரே, டாக்டரின் பரிந்துரை இவற்றோடு அவரைப் பாருங்கள். அப்பாவைக் கட்டிலில் வைத்து ஒரு படம் எடுப்பார்கள், எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி ஒப்புதல் கேட்பார்கள். சர்க்கரை நோய் பழையது என்று யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. இந்தத் திட்டத்தில் முன்பே இருந்த நோய் தடையில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அட்டை யார் பெயரில் இருக்கிறது? கல்யாணமாகி உங்கள் ரேஷன் கார்டு தனியாகிவிட்டது என்றால், உங்கள் குடும்ப அட்டையில் அப்பாவைச் சேர்க்க முடியாது. அப்பா, அம்மா பெயர் இருக்கும் ரேஷன் கார்டோடு இணைந்த காப்பீட்டு எண் வேண்டும். அட்டை தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, ரேஷன் கார்டு எண்ணை வைத்துத் தேடிப் பார்ப்பார்கள். பதிவே இல்லையென்றால் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோயாளி வார்டில் இருக்கிறார் என்று சொல்லி, அட்மிஷன் சீட்டின் நகலைக் காட்டுங்கள். சந்தேகம் எதுவானாலும் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

சி.டி. ஸ்கேனுக்குக் கட்டிய 500 ரூபாயை லஞ்சக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது லஞ்சம் அல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்களில் அப்படி ஒரு கட்டணம் உண்டு, அதனால்தான் ரசீது கொடுத்தார்கள். ஆனால் காப்பீட்டில் பதிவான சிகிச்சைக்குப் பரிசோதனைச் செலவும் காப்பீடு தரும் மொத்தத் தொகையிலேயே (இதைத் தொகுப்பு என்பார்கள்) அடங்கிவிடும். முதல்நாளே அட்டையைக் காட்டியிருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

ஒன்பது நாளும் பணத்தால் போனதல்ல

சேர்த்த அன்று சர்க்கரை 380-க்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் மயக்க மருந்து டாக்டர் ‘ஃபிட்னஸ்’, அதாவது உடம்பு ஆபரேஷனைத் தாங்கும் என்ற ஒப்புதல், கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. இன்சுலின் போட்டுச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர இரண்டு மூன்று நாள் ஆகும். அதை ஏமாற்று வேலை என்று நினைத்திருக்கிறீர்கள், அது வைத்தியம்தான்.

அதற்கு மேல் போன நாட்களுக்குத்தான் மருத்துவமனை பதில் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு இடுப்பு முறிவு ஆபரேஷனை முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட இலக்கு. படுத்த படுக்கையாக இருக்க இருக்க நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, “ஏன் இன்னும் செய்யவில்லை?” அல்ல. “அனஸ்தீசியா ஃபிட்னஸ் எந்தத் தேதியில் கொடுத்தார்கள்?” என்று கேளுங்கள். கேஸ் ஷீட்டில் தேதி இருக்கும். அந்தத் தேதியிலிருந்துதான் தாமதக் கணக்கு ஓடுகிறது.

இதற்கிடையில் உங்கள் கையில் இருக்கும் வேலைகள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் காட்டிக் கொடுத்தபடி உடம்பைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். குதிகாலையும் பின்தட்டையும் தினமும் பாருங்கள். தோல் சிவந்திருந்தால் உடனே சொல்லுங்கள். ஆழமாக மூச்சிழுத்து விடச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். நாட்டுக்கட்டு கட்டிவிடலாம் என்று யாராவது உறவினர் வந்து சொல்வார். இந்த முறிவு கட்டுப்போட்டுச் சேரும் முறிவு அல்ல.

பணம் எங்கே நிற்கிறது?

உங்களுக்கு இது தேவையில்லாத கதை என்று தோன்றலாம். ஆனால் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

மேலிருந்து தொடங்குகிறேன். 2017-இல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்றது. 2021-22-ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்குப்படி மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து செலவழித்தது 1.84 சதவீதம். கொரோனாவுக்காக அள்ளி விட்ட செலவையும் சேர்த்து அவ்வளவுதான். அதே கணக்கில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. நாட்டில் மருத்துவத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய் 40 காசு மக்கள் நேரடியாகத் தங்கள் பையிலிருந்து கொடுத்தது. 2013-14-இல் அது 64 ரூபாயாக இருந்தது, குறைந்திருப்பது நிஜம். மிச்சமிருக்கும் அந்த 39 ரூபாய்க்குள்தான் நீங்கள் வெளியே வாங்கிய இன்சுலினும், வாங்கச் சொல்லும் மூட்டும் வருகின்றன.

தமிழ்நாட்டுக்கு வருவோம். மருந்து விஷயத்தில் நம் மாநிலம் மற்ற பல மாநிலங்களைவிட முன்னால் இருப்பதற்குக் காரணம் 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம். மொத்தமாக டெண்டர் விட்டு, மருந்தின் ஒவ்வொரு தொகுதியையும் (பேட்ச்) ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, அங்கிருந்து மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். மாத்திரைப் பட்டையின் பின்னால் ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் பாஸ்புக் மாதிரியே ஒரு பாஸ்புக் உண்டு. வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு வைப்பார்கள். எடுக்க எடுக்கக் குறையும்.

சிக்கல் அங்கேதான். போன வருட நிலவரத்தை வைத்துத் தொகை வருகிறது; நோயாளிகள் இந்த வருடக் கணக்கில் வருகிறார்கள். ஒரு டெங்கு சீசன், ஒரு பெரிய பஸ் விபத்து, விலை கூடிய இரண்டு மூன்று மருந்துகள் போதும், பிப்ரவரி மார்ச்சில் பாஸ்புக் வறண்டுவிடும். சம்பளத்தை நிறுத்த முடியாது, கரன்ட் பில்லை நிறுத்த முடியாது. ஆகவே கை வைக்க முடிகிற இடம் மருந்தும், பஞ்சும், நூலும், மெஷின் பராமரிப்பும்தான். கோடிக்கணக்கில் வாங்கிய கருவி சில ஆயிரம் ரூபாய் பாகத்துக்காகத் துணி போர்த்திக் கிடப்பதை எந்தப் பெரிய மருத்துவமனையிலும் பார்க்கலாம். திறப்பு விழாவுக்கு வரும் அமைச்சர் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வருவதில்லை.

இம்ப்ளான்ட் கதை வேறு. அதை விற்பவர்கள் முதலில் பொருளைக் கொடுத்துவிட்டுப் பிறகு பில் வைப்பார்கள். காப்பீட்டுத் தொகை வந்து சேர மாதங்கள் ஆனால், பாக்கி ஏறும். ஏறினால் சப்ளை மெதுவாகும். இது நம் மாநிலத்தின் தனி வியாதி அல்ல. அரசு மருத்துவத்துக்குப் பேர்போன கேரளத்திலேயே, 2025-இல் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் சிறுநீரியல் (யூராலஜி) துறைத் தலைவர், கருவிகள் இல்லாமல் ஆபரேஷன்கள் தள்ளிப்போகின்றன என்று தானே பொதுவெளியில் எழுதினார். மேலே எழுதி எழுதி அலுத்த டாக்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எல்லாரும் அவரைப் போல வெளியே சொல்வதில்லை.

ஆக, ‘ஃபண்டு இல்லை’ என்ற அதே சொல்லுக்குள் பல நிலவரம் ஒளிந்திருக்கிறது. ஒதுக்கீடு நிஜமாகவே தீர்ந்திருக்கலாம். பாக்கிக்காகச் சப்ளையர் இழுத்தடிக்கலாம். அல்லது பொருள் கேட்டு ஸ்டோருக்கு எழுத வேண்டிய சீட்டை, அதாவது இன்டென்டை, யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். இந்தக் கடைசிக் காரணம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அபூர்வம் அல்ல. வார்டிலிருந்து எழுத வேண்டிய ஒரு தாள், ஸ்டோருக்குப் போக வேண்டிய ஒரு கையெழுத்து, நடுவில் ஒருவர் லீவு. அதற்குப் பணமே தேவையில்லை.

அதனால் டாக்டரிடம் நிதியைப் பற்றி விவாதிக்காதீர்கள். மெதுவாக, “சார், அப்பாவுக்கு இன்டென்ட் போட்டாச்சுங்களா? எந்தத் தேதி?” என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளில் அப்பாவின் பெயர், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றை எழுதி ஆர்.எம்.ஓ.விடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாய்வார்த்தைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நகலில் சீல் விழுந்துவிட்டால் அந்தத் தாளுக்கு ஒரு ஃபைல் பிறந்துவிடும். ஃபைலுக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

இன்சுலினும் அப்படித்தான். ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை அவசரத்துக்கு உள்ளூரிலேயே வாங்க மருத்துவமனைக்கு அதிகாரம் உண்டு. சர்க்கரையைக் குறைத்தால்தான் ஆபரேஷன் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, மறுபக்கம் இன்சுலின் இல்லை என்பது நியாயமே இல்லை. அந்த இரண்டு நாள் தேதியையும் மருந்துக்கடை பில்லையும் மனுவில் எழுதுங்கள்.

பையோடு வந்தவர்

அவரிடம் எதுவும் வாங்காதீர்கள். மருத்துவமனை ஊழியர் அல்லாத ஒருவர் வார்டுக்குள் நுழைந்து கட்டில் பக்கத்தில் வியாபாரம் பேசுவதற்கு எந்த விதியிலும் இடமில்லை. அந்த மூட்டு எந்தக் கம்பெனி, எந்தத் தொகுதி எண் என்று உங்களுக்குத் தெரியாது. நாளை அது கழன்றால் கேட்க ஆளிருக்காது. ரசீது இல்லாத பொருளுக்குக் காப்பீடும் வராது.

டாக்டருக்குக் கமிஷன் போகிறதா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. அப்படி நடக்கவே நடக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வெளியே வாங்கச் சொன்னது ஓர் ஊழியர், டாக்டர் அல்ல என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டாக்டருக்கு அது தெரியாமலே இருக்கலாம். நேரடியாக யூனிட் சீஃபிடம் (அந்த வார்டுக் குழுவின் தலைமை டாக்டர்), “வெளியில வாங்கச் சொல்லி ஒருத்தர் வந்தாருங்க, நீங்க அனுப்புனதா?” என்று ரவுண்ட்ஸ் நேரத்தில் நாலு பேர் முன்னால் கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஆள் அப்புறம் அந்தப் பக்கமே வர மாட்டார். நிஜமாகவே வெளியே வாங்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், மருத்துவமனைச் சீட்டில், பொருளின் பெயரோடு, ‘இருப்பில் இல்லை’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரெச்சருக்கு 200 ரூபாய் வாங்கியது சந்தேகத்துக்கிடமில்லாமல் லஞ்சம். ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளம் குறைவு என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் அதை நோயாளியிடம் வசூலிக்க முடியாது. ஊழல் தடுப்புத் துறைக்குப் புகார் போகலாம். கட்டாயப்படுத்தி வாங்கப்பட்ட லஞ்சம் என்றால் ஏழு நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும் என்று 2018-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. என் யோசனை கேட்டால், இப்போதைக்கு அதை ஆர்.எம்.ஓ. மனுவில் ஒரு வரியாகச் சேருங்கள். உங்கள் சக்தியை ஆபரேஷன் தேதிக்குச் செலவழியுங்கள்.

தாலிச் செயினும் தனியாரும்

உங்கள் கணவர் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. காலம் போனால் உயிருக்கு ஆபத்து என்று அவர் பயப்படுவது சரி. ஆனால் அடகுக்கடைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதே காப்பீட்டு அட்டையை ஏற்கும் தனியார் மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறதா, இந்த ஆபரேஷனுக்கு அதற்கு அனுமதி இருக்கிறதா என்று கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். எல்லா மருத்துவமனைக்கும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி கிடையாது. அனுமதி இருந்து ஒப்புதலும் கிடைத்தால், தொகுப்பில் அடங்கியதற்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. ‘நல்ல இம்ப்ளான்ட் போட 40,000 எக்ஸ்ட்ரா’ என்று கேட்டால் திட்ட அலுவலகத்தில் புகார் சொல்லலாம்.

1,80,000 ரூபாய் என்று சொன்ன இடத்தில், அது எதற்கெல்லாம் சேர்த்து என்று எழுதி வாங்குங்கள். சர்க்கரை நோயாளிக்கு ஐ.சி.யூ. இரண்டு நாள் நீண்டாலே கணக்கு மாறிவிடும். பாதியில் பணம் தீர்ந்து, புண்ணோடு மறுபடி அரசு மருத்துவமனைக்கே வருபவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அந்தச் செயின் மீளவே மீளாது.

என் கருத்து இது: ஒப்புதல் வந்து, ஃபிட்னஸும் கிடைத்த பிறகு இரண்டு மூன்று நாளில் தேதி கொடுக்கவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். டீனைப் பார்த்து, பக்கத்து மாவட்ட மருத்துவக் கல்லூரிக்கோ அட்டையை ஏற்கும் தனியாருக்கோ முறைப்படி ரெஃபர் செய்யச் சொல்லுங்கள். இங்கே ஏற்றிய ஒப்புதலை ரத்து செய்துவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் அடுத்த இடத்தில் பதிவு சிக்கும். எந்தக் காரணத்துக்காகவும் கோபத்தில் ‘ஏ.எம்.ஏ.’ எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். டாக்டர் சொல்லைக் கேட்காமல் நாங்களாகவே போகிறோம் என்று நீங்கள் கையெழுத்துப் போடும் தாள் அது. பின்னால் எந்தப் புகாரிலும் முதலில் எடுத்துக் காட்டப்படுவது அதுதான்.

கோர்ட்டும் வீடியோவும்

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில் பாதி ஆம், பாதி இல்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கும் மருத்துவமனை வரும். காப்பீட்டு நிறுவனம் நோயாளிக்காகப் பணம் கட்டினால் அதையும் கட்டணமாகவே பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆக அட்டையில் நடக்கும் ஆபரேஷனுக்கு வாதாட இடமுண்டு. ஆனால் தாமதத்தால் அப்பாவுக்கு இன்ன பாதிப்பு என்று காட்ட வேண்டும். இன்று உங்கள் கையில் அது இல்லை, இல்லாமலே போகட்டும். இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. பில்லையும் கேஸ் ஷீட் நகலையும் பத்திரப்படுத்துங்கள். தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், உங்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார்.

தம்பியின் வீடியோவை நிறுத்திவையுங்கள். அதில் பக்கத்துக் கட்டில் நோயாளிகளும் விழுந்திருப்பார்கள், அவர்கள் சம்மதம் கேட்டாரா? 2017 ஆகஸ்டில் கோரக்பூர் பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரியில், ஆக்சிஜன் கொடுத்த நிறுவனத்துக்குப் பாக்கி நின்று சப்ளை தடைபட்ட நாட்களில் குழந்தைகள் கொத்தாக இறந்தன. ஆக்சிஜன்தான் காரணம் என்பதை அரசு மறுத்தது. வார்டில் வேலை பார்த்த ஒரு டாக்டர் மாதக்கணக்கில் ஜெயிலில் இருந்தார். பாக்கி எந்த மேஜையில் நின்றது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் பின்னுக்குப் போனது. உங்கள் வீடியோவும் அதே வேலையைத்தான் செய்யும்: வார்டில் வேலை பார்க்கும் ஒரு முதுநிலை மருத்துவ மாணவர் மெமோ வாங்குவார், இன்டென்ட் அப்படியே கிடக்கும். எடுக்கும்போது தள்ளுமுள்ளு ஆகிவிட்டால், மருத்துவப் பணியாளர்களைக் காக்கும் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தம்பிதான் மாட்டுவார்.

தம்பியின் வேகத்துக்கு வேறு வேலை கொடுங்கள். 104 சுகாதார உதவி எண்ணிலும், முதல்வரின் முகவரித் துறையின் 1100-இலும் புகார் பதிந்து எண் வாங்கட்டும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவோடு நிற்கட்டும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு எழுதட்டும்: இந்த வருடம் மருத்துவமனையின் பாஸ்புக்கில் எவ்வளவு வரவு, எந்தத் தேதிகளில் இன்சுலின் இருப்பு பூஜ்யம், காப்பீட்டில் வந்த தொகை எவ்வளவு, அதில் இம்ப்ளான்டுக்குச் செலவானது எவ்வளவு, சப்ளையர்களுக்கு நிலுவை எவ்வளவு. 30 நாளில் பதில் வர வேண்டும், வரவில்லையென்றால் மேல்முறையீடு. ஒரு மாவட்டத்தில் பத்துப் பேர் இப்படிக் கேட்டால் அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு டீன் கையில் ஒரு ஆயுதம் இருக்கும். அவரே உங்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்வார், வெளியே சொல்ல மாட்டார்.

அம்மாவுக்கு

“சும்மா பாக்குற எடம்” என்கிறார் அம்மா. அவரிடம் இதைச் சொல்லுங்கள். 1992-இல் மேற்கு வங்காளத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரில் சேர்ந்து சுமார் 17,000 ரூபாய் செலவழித்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996-இல் தீர்ப்பு: அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் அவசியமான சிகிச்சையைத் தராமல் போனால் அது உயிர் வாழும் உரிமையை மீறுவது, பணமில்லை என்று சொல்லி அரசு அந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். தீப்பெட்டி வாங்கினாலும் அம்மா வரி கட்டுகிறார். அவர் அங்கே தர்மத்துக்கு உட்காரவில்லை.

சத்தம் போட வேண்டாம் என்று அவர் சொல்வது மட்டும் சரி. எழுதிக் கொடுங்கள், அது போதும். எழுதிக் கொடுத்ததற்காக நோயாளியைக் கவனிக்காமல் விடுவார்கள் என்ற பயம் இயல்புதான். நடைமுறையில், மனு கொடுத்த கட்டிலைத்தான் ரவுண்ட்ஸில் முதலில் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு, எந்தக் கம்பெனி மூட்டு பொருத்தினார்கள் என்ற ஸ்டிக்கரின் நகலையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பதிவு செய்யுங்கள். சர்க்கரை மாத்திரையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வரும். இன்சுலினுக்கு மட்டும் நீங்கள்தான் போக வேண்டியிருக்கும். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள், முக்கியமாக மார்ச் மாதத்தில்.